பத்து வெள்ளிப் பங்கும் தோட்டத் துண்டாடலும்

பொருளீட்டிய பின் அறம் செய்வதும், அறத்திற்காகவே பொருளீட்டுவதும் ஒன்றுதானா என்னும் வினா புதியதன்று. ஆயினும் அண்மைக் காலத்தில் அது புதுப் பெயர்களோடு நம்முன் வந்து நிற்கின்றது. 2006ஆம் ஆண்டில் மலேசியப் பங்குச் சந்தை, தன் பட்டியலில் உள்ள கம்பெனிகள் சமுதாயப் பொறுப்போடு நடந்துகொள்வதற்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 2015இல் அரசு, சமுதாயத் தொழில்முனைவுக்கென ஒரு மூன்றாண்டுத் திட்ட வரைவை வெளியிட்டது. 2019இல் அத்தகைய நிறுவனங்களுக்கு ஏற்புச் சான்று வழங்கும் முறையும் வந்தது. முன்னது பொறுப்புள்ள வாணிகத்தைப் பற்றியது. பின்னது சமுதாய நிறுவனத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பேசுவோர் நம்மிடையே பலர். பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வழங்கிய கம்பெனியைச் ‘சமுதாய நிறுவனம்’ என்று மேடையில் பாராட்டக் கேட்டிருக்கின்றேன். பை நல்ல பை, பாராட்டும் தகும். பெயர்தான் பொருந்தவில்லை.

இது வெறும் பெயர் வழக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, நம் தோட்டப்புற மக்களின் வரலாற்றில் ஒரு காலத்தில் கூரைக்கும் கூலிக்கும் உரிய வேறுபாடாக இருந்தது. அவ்வரலாற்றின் நடுவே நிற்பது, பேராக் மண்ணிற் பிறந்த ஒருவர் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அதனை ஓர் அரசியல் தலைவரின் சாதனையாக மட்டுமே நாம் பேசி வந்துள்ளோம். அது என்ன வகை நிறுவனம், ஏனைய நல்ல கம்பெனிகளினின்று எவ்வகையில் வேறுபட்டது என்று ஆராய்ந்தோர் குறைவு. அதனையே இங்கு நோக்க விரும்புகின்றேன்.

வாணிகத்தையும் அறத்தையும் நம் முன்னோர் இணைத்த முறைகள் பலவகைப்படும். தாய்லாந்தின் தென்பகுதியில், தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, நாங்கூருடையான் ஒருவன் தோண்டிய அவனிநாரணம் என்னும் குளம் மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விடப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. மணிக்கிராமம் ஒரு வணிகர் குழு. குளம் காத்தல் அவர்தம் தொழிலன்று. தொழில் செய்யப் போந்த இடத்தில் அவர்கள் ஏற்றுக்கொண்ட கடமை. நகரத்தார் தம் வாணிகக் கணக்கில் எழுதி வந்த மகமையும் இவ்வகையினதே. வரவில் இவ்வளவு என எடுத்துக் கோயிலுக்கும் சத்திரத்திற்கும் பாடசாலைக்கும் வைப்பர். வட்டிக்கடையின் நோக்கம் வட்டி. மகமை அதன் விளைவிலிருந்து எடுத்த ஒரு பிடி. கடை நடக்குமளவும் மகமை நடக்கும். கடை கட்டப்படும் நாளில் மகமைக்கும் வரவில்லை. இற்றைநாள் கம்பெனிகள் ஆண்டறிக்கையில் அச்சிடும் ‘சமுதாயப் பொறுப்பு’ என்பது இம்மகமையின் உடன்பிறப்பு எனலாம்.

விருதுநகர் நாடார் பெருமக்களிடையே வழங்கிய மகமை இதனின்று சற்று வேறுபட்டது. அங்கே அது தனியொரு கடைக்காரரின் கொடையாக நில்லாமல் உறவின்முறையின் பொது நிதியாயிற்று. வீடுதோறும் நாளுக்கொரு பிடி அரிசி எடுத்துவைத்துத் திரட்டும் வழக்கமும் அதனோடு சேர்ந்தது. 1889இல் எழுந்த க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறு நடந்த பள்ளி. காமராசர் பயின்றது அங்கேதான். ஈவோரும் ஏற்போரும் ஒரே ஊரார். நிதியை ஆள்வோரும் அவர்களே. ஒருவரின் இரக்கம் வற்றினால் பள்ளி மூடப்படும் என்னும் அச்சம் அங்கில்லை. இஃது இன்னும் வாணிகம் ஆகவில்லையாயினும், நாம் தேடும் வேறுபாட்டின் வித்து இங்கே கிடக்கின்றது.

இனி நம் நாட்டுத் தோட்டங்களுக்கு வருவோம். பேராக்கின் கோலகங்சாரில் 1877இல் இரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. அவற்றுள் ஒன்றெனக் கருதப்படும் மரம் இன்றும் அவ்வூரில் நிற்கின்றது. அடுத்த ஐம்பதாண்டுகளில் காடு அழிந்து பால்மரமாயிற்று. கங்காணிமார் அழைத்துவர, தமிழகத்துச் சிற்றூர்கள் கப்பலேறின. கம்பெனித் தோட்டம் என்பது வேலைத்தலம் மட்டுமன்று. லயம், ஆயாக் கொட்டகை, மருந்தகம், கோயில், கள்ளுக்கடை, பள்ளி யாவும் ஒரே வேலிக்குள் அடங்கிய ஓர் உலகம். இவற்றுட் பல கம்பெனியின் கருணையால் வந்தவை எனச் சிலர் எழுதுவர். முழு உண்மை அதுவன்று. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. விதியின் சொல்லை மட்டும் நிறைவேற்றிய தோட்டங்களில், கிராணியோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். அதுவே பள்ளி எனப்பட்டது.

ஆயினும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். சட்டம் கேட்டதற்கு மேலும் செய்த துரைமார் இருந்தனர். நல்ல கிணறு வெட்டியவர், பள்ளிக்குத் தனிக் கட்டடம் எழுப்பியவர், கோயில் திருவிழாவிற்கு விடுமுறையும் பணமும் தந்தவர் உண்டு. அவர்களைப் பற்றி முதியோர் இன்றும் நன்றியோடு பேசுவர். அந்நன்றி பொய்யன்று. ஆனால் அவர்கள் செய்தவை அனைத்தும் இரப்பர் விற்ற கணக்கில் செலவுப் பத்தியில் ஏறியவை. கம்பெனியின் பங்குதாரர் இலண்டனில் இருந்தனர். அவர்களுக்கு விடையிறுக்க வேண்டிய துரை, தோட்டத்து மக்களுக்கு விடையிறுக்க வேண்டியவரல்லர். அன்பு இருந்தது, உரிமை இல்லை. தோட்டம் ஒரே கையில் இருந்தவரை இக்குறை வெளிப்படவில்லை.

1950ஆம் ஆண்டுகளில் அது வெளிப்பட்டது. கொரியப் போர்க்காலத்தில் இரப்பர் விலை மிக உயர்ந்து பின் இறங்கிற்று. மரங்கள் முதிர்ந்திருந்தன, மறுநடவு செய்தால் பால் காண ஏறத்தாழ ஏழாண்டு காத்திருக்க வேண்டும். 1957இல் நாடு விடுதலை பெற்றது. புதிய அரசு தோட்டங்களை நாட்டுடைமையாக்குமோ என்னும் ஐயம் ஆங்கிலேய உரிமையாளர் சிலருக்கு இருந்தது. நல்ல விலை கிடைக்கும்போதே விற்று வெளியேறுவது அவர்களுக்கு அறிவுடைமையாகப் பட்டது. வாங்கியவர் பெரும்பாலும் தோட்டம் நடத்த வாங்கியவரல்லர். சிலர் கூடி மொத்தமாக வாங்கி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் எனத் துண்டுபோட்டுச் சில்லறையில் விற்றனர். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடைப்பட்டதே அவர்தம் ஊதியம். இதற்கு எந்த இனத்தாரையும் தனித்துக் குறைகூற வேண்டா. நம்மவரும் அதில் இருந்தனர். இதுதான் ‘தோட்டத் துண்டாடல்’ என நம் மக்கள் வழங்கிய பெயர். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அசிசு 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1962இல் வெளிவந்தது. அரசும் அறிஞரும் இத்துன்பத்தை எண்ணிக்கையாகக் காண்பதற்கு அது வழிசெய்தது.

துண்டாடலால் விளைந்தது என்ன? இந்நாட்டுக் கணக்கெடுப்பில் 100 ஏக்கரும் அதற்கு மேற்பட்டதுமே ‘தோட்டம்’. அதனிற் குறைந்தது சிற்றுடைமை. ஒரு பெருந்தோட்டம் நூறு சிற்றுடைமைகளாகச் சிதறியபோது மரங்கள் அப்படியே நின்றன, நிலம் அப்படியே கிடந்தது. தோட்டம் மட்டும் மறைந்துபோயிற்று. தொழிலாளர் நலக் கடமைகள் பலவும் ஒரு முதலாளி, ஓரிடத்தில் பல தொழிலாளர் என்னும் கணக்கின்மேல் நின்றவை. ஐந்து ஏக்கர்க்காரர் தம் குடும்பத்தோடு பால் வெட்டிக்கொள்வார்; இல்லையேல் குத்தகைக்கு ஆள் வைப்பார். அவர் லயத்தைப் பழுதுபார்க்கக் கடமைப்பட்டவரா? பள்ளிக்கூடம் எவருடைய துண்டில் விழுந்ததோ அவர் அதனை நடத்த வேண்டுமா? தொழிற்சங்கம் ஒப்பந்தம் பேசுவதாயின் எவரோடு பேசும்? 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிமார் சங்கத்தோடு பேசிப் பெற்ற கூலியும் விடுமுறையும் இத்துண்டுகளில் செல்லாக் காசாயின. பழைய துரை கெட்டவராக மாறவில்லை என்பதை இங்குக் கருத வேண்டும். அவர் நல்லவராகவே இருந்து, நல்லவராகவே விற்றுவிட்டுப் போனார். அவர் செய்த நன்மைகளை வாங்கியவரிடம் ஒப்படைக்க எந்தப் பத்திரமும் இடம் தரவில்லை.

பொறுப்புள்ள வாணிகத்தின் எல்லை இதுவே எனக் கருதுகின்றேன். அது நாள்தோறும் நடக்கும் காலத்தில் நல்லது. கைமாறும் நாளில் அதற்கு நாவில்லை.

இந்நிலையில்தான் வீ. தி. சம்பந்தனாரின் முயற்சி எழுகின்றது. அவர் 1919 சூன் 16இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தந்தையார் வீராசாமி 1896இல் இந்நாட்டிற்கு வந்து தோட்ட உரிமையாளராய் உயர்ந்தவர். கோலகங்சார் கிளிபோர்டு பள்ளியிலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற சம்பந்தனார், 1955இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். சுங்கை சிப்புட்டை உலகம் அறிந்தது வேறொரு காரணத்தால்: 1948இல் அவ்வட்டாரத்தில் ஆங்கிலேயத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்நிகழ்ச்சி நடந்த நாளும் சூன் 16தான் என்பது வரலாற்றின் ஒரு வியப்பு. அவ்வூரிலேயே 1954இல் மகாத்மா காந்தி கலாசாலையை அவர் எழுப்பினார். விசயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்துவைத்தார். தோட்ட முதலாளியின் மகன் தோட்டத் தொழிலாளிக்கு நிலம் வாங்கித்தர முனைந்ததைச் சிலர் முரண் என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நிலத்தை வாங்குவது எப்படி, விற்பவர் மனம் எவ்வாறு இயங்கும் என்பதை அறிந்தவரே இவ்வேலைக்கு ஏற்றவர்.

அவருக்கு முன் வழிகள் பல இருந்தன. துண்டாடலைச் சட்டத்தால் தடுக்குமாறு அரசை வற்புறுத்தலாம், வற்புறுத்தல்களும் நடந்தன. புதிய முதலாளிகளிடம் இரக்கம் காட்டுமாறு வேண்டலாம். அவர் தேர்ந்தது மூன்றாவது வழி: விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கிவிடுவது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. அமைச்சராய் இருந்துகொண்டே அவரும், துணைவியார் உமாசுந்தரியும், உதவியாளர் கே. ஆர். சோமசுந்தரமும் தோட்டந்தோட்டமாகச் சென்று பத்து வெள்ளி கேட்டனர். பத்து வெள்ளி என்பது அந்நாளில் பால்வெட்டுக்காரருக்கு ஒரு நாட் கூலியன்று. பல நாட் கூலி. மறு ஆண்டே, 1961இல், கெடாவில் 2,990 ஏக்கர் பரப்புள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. அது துண்டாடப்படவில்லை.

கூட்டுச் சேமிப்பு நம் மக்களுக்குப் புதிதன்று என்பதும் இம்முயற்சிக்குத் துணைசெய்தது. மாதந்தோறும் பணம் போட்டுக் குலுக்கி எடுக்கும் சீட்டை இந்நாட்டில் ‘கூட்டு’ என்போம். அச்சொல்லையே மலாய் மொழியும் ஏற்றுக்கொண்டது. 1971இல் இயற்றப்பட்ட தடைச் சட்டத்தின் பெயரிலேயே நம் சொல் அமர்ந்திருக்கின்றது. தமிழாசிரியர்கள் பெருமைப்படுவதா வருந்துவதா என்று தெரியவில்லை! சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போவதால் ஏமாந்தோர் மிகுந்தமையாலன்றோ அச்சட்டம் வேண்டியதாயிற்று. அத்தகைய அனுபவம் உடைய மக்களிடம் பத்து வெள்ளி பெறுவது எளிதாய் இருந்திராது.

பதிவு செய்யப்பட்ட கூட்டுறவுச் சங்கம் சீட்டினின்று வேறு. இங்கிலாந்தின் இராச்டேல் நகரில் 1844இல் நெசவாளர் முதலிய 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் போட்டுக் கடை திறந்ததிலிருந்து அதன் விதிகள் வளர்ந்தன. 1904இல் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம் அம்மரபைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தது. மலாயாவில் 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. முதற் சங்கத்தை அமைத்தோர் அஞ்சல், தந்தித் துறை ஊழியர். அக்காலத்துச் சங்கங்கள் பெரும்பாலும் கடன் தீர்க்கவும் சிக்கனம் பழகவும் எழுந்தவை. கடனுக்காகப் பிறந்த அக்கருவியைக் கொண்டு நிலம் வாங்கியதே சம்பந்தனாரின் புதுமை.

இக்கருவியின் உள்ளமைப்பை ஒருகால் உற்று நோக்க வேண்டும். கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பங்குடையார்க்கு ஆயிரம் வாக்கு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. பங்கு எத்தனையாயினும் குரல் ஒன்றே. கம்பெனிப் பங்கு சந்தையில் விலையேறும். ஆதலின் தோட்டத்தை உடைத்து விற்றால் இலாபம் மிகும் என்னும் நிலையில், விற்கச் சொல்வதே பங்குதாரரின் இயல்பு. கூட்டுறவுப் பங்கு அவ்வாறு சந்தையில் விலைபோவதன்று. விலகுவோர் தாம் போட்ட பங்கைத்தான் எடுத்துச் செல்வர். தோட்டத்தைக் கூறுபோட்டு ஒருவர் தனியே செல்வராகும் வழி அங்கு அடைபட்டிருக்கின்றது. புக்கிட் சிடிம் காக்கப்பட்டது நிருவாகிகளின் நல்ல மனத்தால் மட்டுமன்று, இவ்வடைப்பாலும்தான். இங்கே நோக்கம் அறிக்கையின் பிற்பகுதியில் அன்று, உரிமைப் பத்திரத்தின் முதல் வரியில் இருக்கின்றது. சமுதாய நிறுவனம் என்று நான் பொருள்கொள்வது இதனையே.

பத்திரமும் தனித்து நின்றால் போதாது. சங்கமும் இரப்பரை அதே சந்தையில்தான் விற்றது. விலை இறங்கினால் அதற்கும் இறங்கிற்று. மறுநடவுக்கு முதல் வேண்டும். வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். வாணிகத்தில் தோற்றால் அறமும் தோற்கும் என்பது இருவகை நிறுவனத்திற்கும் பொது. 1973இல் சம்பந்தனார் கட்சித் தலைமையை விட்டார். 1979 மே 18இல் மறைந்தார். தலைவரை இழந்தபின் தளர்ந்துபோன இயக்கங்கள் நம்மிடையே எத்தனை! இச்சங்கமோ இன்றும் தோட்டங்களோடும், கோலாலம்பூரில் அவர் பெயர் தாங்கிய மாளிகையோடும் நிலைத்திருக்கின்றது. அவருக்குப்பின் பல்லாண்டு அதனை வழிநடத்தியவர், அன்று அவரோடு தோட்டந்தோட்டமாக நடந்த சோமசுந்தரம்.

புகழ்ந்தது போதும், குறையையும் சொல்ல வேண்டும். சங்கத்தின் தோட்டத்தில் பால் வெட்டியவர் அத்தோட்டத்தின் உரிமையாளர் ஆகிவிடவில்லை. உறுப்பினர் நாடெங்கும் பரந்திருந்தனர். பேராக்கில் பால் வெட்டுபவர் கெடாத் தோட்டத்தில் பங்குடையவராவார், அவ்வளவே. கெடாவில் நாள்தோறும் பெரட்டுக்கு நின்றவர் முன்போலவே கூலியாளர். அவருக்கு மேல் முன்போலவே கிராணியும் நிருவாகியும் உண்டு. நிலத்தைப் பகிர்ந்து கொடுத்திருக்க வேண்டும் என்று வாதித்தோர் இருந்தனர். பகிர்ந்தால் அதுவும் துண்டாடலே ஆகும் என்பது மறுமொழி. இருபக்கமும் நியாயம் உண்டு. என் கருத்து: நிலத்தை முழுதாக வைத்தது சரி, ஆனால் அந்தந்தத் தோட்டத்துத் தொழிலாளிக்கு அந்தந்தத் தோட்டத்தின் ஆட்சியில் தனியிடம் தந்திருக்கலாம். காத்தல் வேறு, ஆளவைத்தல் வேறு. சங்கம் முன்னதைச் செய்தது.

மக்கள் பணத்தைத் திரட்டிய முயற்சிகள் யாவும் இவ்வகையின ஆகா என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. 1960ஆம் ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் காட்கோ என்னும் கம்பெனி அமைந்தது. நெகிரி செம்பிலான் ஜெம்போலில் அது தொடங்கிய நிலத்திட்டத்தில் தொழிலாளர் பணங்கட்டிக் குடியேறினர். கம்பெனி கலைப்புக்கு உள்ளாயிற்று. குடியேறியோர் நிலவுரிமைக்காகப் பல்லாண்டு வழக்காட நேர்ந்தது. 1982இல் மைக்கா முதலீட்டுக் கம்பெனி தொடங்கியபோது 60,000க்கு மேற்பட்ட இந்தியர்கள் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் முதலிட்டனர். தாலியை அடகுவைத்துப் பங்கு வாங்கியவர்களை நம்மில் பலர் அறிவோம். 2010இல் அக்கம்பெனியை வாங்க முன்வந்தவர் பங்குக்கு 80 சென் விலை கூறினார். ஏறத்தாழ முப்பதாண்டு காத்திருந்தோர்க்குக் கிட்டிய விலை அது. இவற்றைத் தொடங்கியோர் நோக்கத்தை இங்கு எடைபோட நான் முனையவில்லை. ஒன்று மட்டும் கூறுவேன்: இரண்டும் சமுதாயத்தின் பெயரால் எழுந்தவை, ஆனால் வடிவத்தால் கம்பெனிகள். ‘சமுதாயம்’ என்னும் சொல் மேடையில் இருந்தது. விதிகளில் ஆளுக்கொரு வாக்கு இல்லை. பெயரைக் கேட்டுப் பணம் கொடுத்த நாம், விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை.

உலகை நோக்கினால் எல்லைக்கோடு எங்கும் நேராக ஓடவில்லை. இந்தியாவில் டாட்டா குழுமத்தின் தலைமைக் கம்பெனியில் மூன்றில் இரண்டு பங்கு அறக்கட்டளைகளுக்கு உரியது. இரும்பும் வண்டியும் விற்கும் பெருவாணிகத்தின் உடைமையாளரே அறநிலையம் என்றால் அதனை எப்பக்கம் சேர்ப்பது? வங்காள தேசத்தில் முகம்மது யூனுசு நிறுவிய கிராமிய வங்கி 1983இல் தனி வங்கியாயிற்று. அதன் பங்குகளிற் பெரும்பகுதி கடன் வாங்கிய ஏழைப் பெண்களுக்கே உரியது. 2006இல் அவ்வங்கிக்கும் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் ‘சமுதாய வாணிகம்’ என்று வியந்து பேசத் தொடங்கியபோது, நம் தோட்டத்து மக்கள் பத்து வெள்ளி கொடுத்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அதனை நாம் எவர்க்கும் எடுத்துச் சொல்லவில்லை. நம் மாணவர்க்கும் கற்பிக்கவில்லை.

இன்று தோட்டங்களின் முகம் மாறிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஈப்போவைச் சுற்றியிருந்த பழைய தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின்றன. நம் மக்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்தனர்; தோட்ட வேலையில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் மிகுந்துள்ளனர். கூட்டுறவுச் சங்கத்திற்கும் இதனால் ஒரு புது வினா எழுகின்றது. பங்குடையோரின் பேரப்பிள்ளைகள் பட்டணத்தில். பழம் அறுப்போர் கடல் கடந்து வந்த வேற்று நாட்டார். 1960இல் நாம் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். தொழிலாளியைக் காக்கப் பிறந்த சங்கத்திற்கு அவர்கள் யார்? வெறும் கூலியாட்கள் மட்டுமே எனில், சங்கம் பொறுப்புள்ள ஒரு தோட்ட முதலாளியாக மாறிவிட்டது என்றே கொள்ள வேண்டும். மாறலாகாது என்பது என் விருப்பம். 2020 முதல் செம்பனைத் தோட்டங்கள் கட்டாயம் பெறவேண்டிய நாட்டுத் தரச் சான்றில் தொழிலாளர் நலமும் அடங்கும். அது வரவேற்கத்தக்கது; எல்லாத் தோட்டத்திற்கும் பொதுவானது. கூட்டுறவு அதற்கு மேலே ஒரு படி நிற்க வேண்டாமா?

பள்ளிகளின் நிலையும் இதனோடு பிணைந்தது. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல். இணைப்பும் இடப்பெயர்வும் காரணங்களாம். துண்டாடலும் ஒரு காரணம். எஞ்சியவற்றுட் பல இன்னும் தனியார் நிலத்தில் நிற்கின்றன. நிலம் அரசுடையது அன்று என்பதால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே உள்ளன. நான் பணியாற்றும் பள்ளியும் அவ்வகையினதே. எங்கள் தோட்டத்துக் கம்பெனி குறைகூறத் தக்கதன்று. கூரை ஒழுகியபோது தகடு தந்தது. தண்ணீர்த் தொட்டி தந்தது. ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டிக்குப் பரிசும் தருகின்றது. பக்கத்து நிலத்தில் வீடமைப்புக்கு அளவுக்கற்கள் ஊன்றத் தொடங்கியபின் நான் நிலப்பட்டாவின் படியெடுத்துப் பார்த்தேன். பள்ளியின் பெயர் அதில் எங்கும் இல்லை. நிலம் கைமாறினாலும் பள்ளிக்கென ஆறு ஏக்கர் தனியே ஒதுக்கப்படும் என்று நிருவாகி வாயால் சொல்லியிருக்கின்றார். அதனை எழுத்தில் தருமாறு பெற்றோர் ஆசிரியர் சங்கம் கடிதம் அனுப்பியுள்ளது.